அடியில்லாத மரக்கால்

குமுளியிலிருந்து இறங்கி வந்த கரி பஸ்ஸுக்கு நேர் எதிரே, நடுரோட்டில் போய் நின்றுகொண்டாள் சுகிர்தம்.

இடது கையில் ஒரு பெரிய துணிமூட்டை. வலது கையை உயர்த்தியபடியே நின்றாள். டிரைவர் அம்மாவாசி ஹார்ன் பந்தைப் பிதுக்கிப் பார்த்தான். அவள் நகரவில்லை. பஸ் முனகிக்கொண்டு, முதுகில் தொங்கிய கரி உலையிலிருந்து புகையைக் கக்கிக்கொண்டு, அவள் முந்தானையை உரசாத குறையாக வந்து நின்றது.

கிறிஸ்துமஸ் பெருநாளும் அதுவுமாகச் சாவதற்கு வேறு வண்டி கிடைக்கவில்லையா என்று அம்மாவாசி தலையை நீட்டிக் கேட்டான். சுகிர்தம் அதைக் காதில் வாங்கவில்லை. பஸ்ஸில் ஏறி, ஸீட் ஸீட்டாக முகங்களைப் பார்த்தாள். ஏலக்காய் வியாபாரி இரண்டு பேர். கோழிக்கூடையோடு ஒரு பெண். தூங்குகிற ஒரு போலீஸ்காரர். அவள் தேடி வந்த முகம் மட்டும் இல்லை.

"இஞ்ஞாசிமுத்து எங்கே?"

"வண்டிக்கார இஞ்ஞாசியா? அவரு குமுளியில இருக்காரு டீச்சரம்மா. மூட்டை ஏத்த நாளைக்குத்தான் ஆகும்னு கிட்டங்கியில சொல்லிட்டாக. மனுசன் மாட்டை அவுத்துப் போட்டுட்டு ஆகாசத்தைப் பாத்துத் திட்டிக்கிட்டு நிக்கிறாரு" என்றான் அம்மாவாசி.

"யாரு மூட்டை?"

"உங்க ஊரு ஞானசிகாமணி முதலாளி மூட்டைதான்."

சுகிர்தத்தின் முகம் இறுகியது. பின்னால் மூச்சிரைக்க ஓடி வந்து படியில் தொற்றிய ஒச்சாண்டி அதைக் கேட்டுவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"முடிஞ்சுபோச்சு. ஆவி மலைமேல இருக்கு. சாயங்காலம் மணி அடிச்சா களம் அந்தாளுக்கு."

"நான் உத்தமபாளையம் வரைக்கும் வாரேன்" என்றாள் சுகிர்தம் டிரைவரிடம். "வண்டியை எடுங்க."

அந்தக் களத்தின் விவகாரத்தை இங்கே சொல்லிவிட வேண்டும்.

மிக்கேல்பட்டி கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு வேதக்கார ஊர். கோயிலுக்கு மேற்கே, வாய்க்கால் ஓரமாக, கல்லுப் பரப்பினாற்போல் இறுகிய ஒரு பெரிய களம். ஊரில் யார் அறுத்தாலும் அங்கேதான் கதிரடிப்பு. அது ஞானசிகாமணியின் குடும்பத்துச் சொத்து. அவருடைய தாத்தா காலத்தில், கோயில் சாமியார் முன்னிலையில், ஊருக்கு விடப்பட்டது. ஒரே ஒரு நிபந்தனை. வருசா வருசம் கிறிஸ்துமஸ் அன்று அங்கே நாடகம் நடக்க வேண்டும். மாலைத் திரிகால மணி அடிப்பதற்குள் நாடகத்து ஆவி களத்தில் கால் வைத்துவிட வேண்டும். ஆவி வராத வருசம், களம் குடும்பத்துக்கே திரும்பிவிடும்.

கிறிஸ்துமஸுக்கு ஆவி நாடகமா என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். ஒரு தடவை வந்து பார்த்தவர்கள் மறு வருசம் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். சின்னமனூரிலிருந்து வருவார்கள், தேனியிலிருந்து வருவார்கள்.

கதை சின்னதுதான். ஒரு பண்ணைக்காரர். அறுப்புக்காரர்களுக்குக் கூலி நெல் அளக்கிற மரக்காலில் அடிப்பலகையை ஏற்றிவைத்து ஏமாற்றியவர். அவர் செத்த பிறகு, ஒவ்வொரு பெருநாளும் அவருடைய ஆவி களத்துக்கு வருகிறது. கையில் மரக்கால். ஆனால் அதற்கு இப்போது அடியே இல்லை. அள்ளிப் போடுகிற நெல்லெல்லாம் கீழே கொட்டுகிறது. முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று சொல்வதுதானே களத்து வழக்கம்? ஆவி லாபம் என்று சொல்லி அளக்கும். நிறையாது. மறுபடியும் லாபம். மறுபடியும் கொட்டும். கூட்டம் மொத்தமும் "ரெண்டு சொல்லு, ரெண்டு சொல்லு" என்று கத்தும். ஆவியால் ரெண்டு சொல்லவே முடியாது. கடைசியில் சனங்கள் கை கையாகப் பதரை அள்ளி வீசுவார்கள். ஆவி கத்திக்கொண்டே வயலில் இறங்கி ஓடும். அவ்வளவுதான். பிறகு சமபந்திச் சாப்பாடு.

இதில் ஆவி வேஷம் இஞ்ஞாசிமுத்துவினுடையது. அவன் தொண்டைக்கு வேறு ஆள் இல்லை. வேஷக்காரர்களுக்கு வசனம் சொல்லிக்கொடுத்து, திரைக்குப் பின்னால் நின்று எடுத்துக் கொடுக்கிற அண்ணாவி வேலை சுகிர்தத்தினுடையது. பள்ளிக்கூடத்து டீச்சர் அவள். அப்பா செத்ததும் அவருடைய வேலையைக் கையில் எடுத்தாள். பொம்பளை அண்ணாவியா என்று முதல் வருசம் முணுமுணுத்தார்கள். இரண்டாம் வருசம் முணுமுணுக்கவில்லை. ஒச்சாண்டி பக்கத்து ஊர் விவசாயி. நாடகத்துக்கு மத்தளம் அவன்தான்.

இன்று காலையிலேயே களத்தின் ஓரத்தில் இரண்டு பாரவண்டிகள் வந்து நின்றுவிட்டன. வண்டி நிறையக் கல்லுக்கால்கள், கம்பிச் சுருள்கள். ஞானசிகாமணியின் கணக்கப்பிள்ளை மலைச்சாமி குடையை ஊன்றிக்கொண்டு, மணி அடிக்கட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். யுத்த காலத்தில் பஞ்சுக்கு நல்ல கிராக்கி. முதலாளி இங்கே பஞ்சு மூட்டை அடுக்கிவைக்க ஒரு கிட்டங்கி கட்டப்போகிறார் என்பது ஊர் முழுக்கப் பேச்சு.

உத்தமபாளையத்தில் ஞானசிகாமணியின் பங்களா வாசலில் பஸ் நின்றது. ஒச்சாண்டி இறங்க மறுத்தான். தான் உள்ளே வந்தால் பேச்சு கைகலப்பில் முடியும் என்றான். யாருடைய கை கலக்கும் என்று அம்மாவாசி விசாரித்தான். சுகிர்தம் தனியாகத்தான் படியேறினாள்.

ஞானசிகாமணி முன்னறையில் உட்கார்ந்திருந்தார். நாற்பதைத் தாண்டிய, நரைக்கத் தொடங்கிய, சிரிக்கத் தெரியாத முகம். பெருநாள் சட்டை கூடப் போடவில்லை. அவளைப் பார்த்ததும், அண்ணாவி மகளா, உட்காரு என்றார். அவள் உட்காரவில்லை. இஞ்ஞாசியைக் குமுளியில் கட்டிப்போட்டது நீங்கள்தானே என்று நேராகக் கேட்டாள். ஆமாம் என்று நேராகவே சொன்னார்.

"கிட்டங்கிக்கு வேற இடமே இல்லையாய்யா? தேனியில உங்களுக்கு எத்தனை காலிமனை இருக்கு."

"கிட்டங்கியா? எந்தக் கிட்டங்கி?"

"ஊரே சொல்லுது."

"ஊரு சொல்லும்." அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். "அந்தக் களத்துல எனக்கு ஒரு பிடி மண்ணு வேண்டாம் சுகிர்தம். கம்பி போட்டு, கல்லு நட்டு, முள்ளு மண்டட்டும்னு விட்டுருவேன். எனக்கு அந்த நாடகம் நிக்கணும். அவ்வளவுதான்."

சுகிர்தம் இதை எதிர்பார்க்கவில்லை. அவள் தயார் செய்து வந்த பேச்செல்லாம் களத்தைப் பற்றியது.

அவர் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார். அந்த ஆவி யார் என்று ஊருக்கே தெரியும். பெயர் சொல்லாமல் ஆடினால் மட்டும் தெரியாமல் போய்விடுமா? அது அவருடைய தாத்தா. தாத்தா உயிரோடு இருக்கும்போதே நாடகத்தைத் தொடங்கிவிட்டார்கள். அந்த மனிதர் கேவலம் தாங்காமல், பெருநாள் காலையிலேயே வில்வண்டி கட்டிக் கம்பத்துக்குப் போய்விடுவார். இருட்டிய பிறகுதான் திரும்புவார்.

"எனக்கு அப்ப ஏழெட்டு வயசு. யாரோ தோள்ல தூக்கி வச்சிருந்தாக. கையில பதரைக் குடுத்து எறியச் சொன்னாக. எறிஞ்சேன். எல்லாரையும் விட நான்தான் ரொம்பச் சிரிச்சேன். அப்பத்தான் ஒருத்தி சொன்னா, உங்க தாத்தனையே எறியிறியாடான்னு."

சுகிர்தம் மூட்டையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"அன்னைக்கு ராத்திரி தாத்தா வந்தாக. என்னையத் தூக்கி மடியில வச்சுக்கிட்டு, நாடகம் பாத்தியான்னு கேட்டாக. நல்லா எறிஞ்சாகளான்னு கேட்டாக. நான் கையைப் பின்னால ஒளிச்சுக்கிட்டேன். மறு வருசமே மதுரையில போர்டிங்ல சேர்த்துவிட்டுட்டாக. நான் வர்றதுக்குள்ள தாத்தா செத்துப்போனாக." அவர் திரும்பினார். "செத்தவரைக் கூட விடல நீங்க. இத்தனை வருசமா, வருசா வருசம் கூட்டியாந்து அடிக்கிறீக. என்ன வெறி அது?"

சுகிர்தத்தின் தொண்டை வரை ஒன்று வந்தது. வாயைத் திறந்தவள் அதை விழுங்கிக்கொண்டாள். வேறொன்றைச் சொன்னாள்.

"வெறி இல்லங்கய்யா. நான் திரைக்குப் பின்னால நின்னு ஆவியைப் பாக்கிறதில்ல. சனங்க முகத்தைத்தான் பாப்பேன். மத்த வேஷம் வரும்போது வெத்தலை போடுவாக, பேசுவாக. ஆவி வந்தா மட்டும் ஒருத்தரும் அசையமாட்டாக. ஏன்னு நெனைக்கிறீக? அம்புட்டுப் பேரு வீட்டுலயும் ஒரு மரக்கால் இருக்கு. பால்ல தண்ணி கலக்கிறவுக இருக்காக, தராசுல விரல் வைக்கிறவுக இருக்காக, மருமகளுக்குச் சோத்தைக் குறைச்சுப் போடுறவுக இருக்காக. அவுக எறியிற பதரு உங்க தாத்தா மேல விழலை. இன்னும் ஒரு வருசத்துக்கு நாம தப்பிச்சோம்னு அவுகவுக மேலேயே எறிஞ்சுக்கிறாக."

"அழகாத்தான் பேசுறே."

"எங்கப்பா ஒத்திகையில ஒரே கேள்வி கேப்பாக. இந்த ஆவி எதுக்கு வருது? பயமுறுத்தன்னு இஞ்ஞாசி சொல்லுவாரு. பயமுறுத்துற ஆவி வெயில்ல வராது. ஊரு கூடியிருக்கிற இடத்துக்கு வராது. கை நெறயப் பதரு வச்சுக்கிட்டுக் காத்திருக்கிறவுக நடுவுல வராது. எறிவாகன்னு தெரிஞ்சும் வருசா வருசம் வருதே, அது எதுக்கு?"

ஞானசிகாமணி மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"எனக்கும் தெரியாதுங்கய்யா. அந்த வேஷம் கட்டினவருக்குத்தான் தெரியும்." அவள் மூட்டையை அவர் காலடியில் வைத்தாள். "இதுல கம்பளி இருக்கு, சாம்பல் இருக்கு, மரக்கால் இருக்கு. நிக்கணும்னா நீங்களே எரிச்சுருங்க. நாங்க யாரும் தடுக்கலை."

திரும்பிப் பாராமல் படியிறங்கினாள்.

ஒச்சாண்டி வெறுங்கையைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டான். திரும்பும் வழி பூராவும், கிடைத்த மாட்டுவண்டியின் பின்பலகையில் குலுங்கிக்கொண்டே, அவன் அவளை வைதான். ஆள்தான் இல்லை என்றால் கம்பளியையும் கொடுத்தாயிற்றா?  சுகிர்தம் வண்டிக்காரனிடம் இரண்டு தடவை மாட்டை முடுக்கச் சொன்னாள்.

களம் நிரம்பி வழிந்தது. வாய்க்கால் கரையிலும், வைக்கோல் படப்பு மேலும், வண்டி மேலும் சனம். சாயம் தோய்த்த வேட்டிகளை இணைத்துக் கட்டிய திரை காற்றில் உப்பியது. நடுவில் சமபந்திக்காக ஊர் கொட்டிய நெல் அம்பாரம். நாடகம் பாதி நடந்துகொண்டிருந்தது. அறுப்புக்காரர்களாக வந்தவர்கள் இருக்கிற பாட்டையெல்லாம் இரண்டிரண்டு தடவை பாடிவிட்டார்கள். கோமாளி மூன்றாவது தடவையாக விழுந்து எழுந்தான். கூட்டத்துக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது.

"என்னப்பா, ஆவிக்கு வயித்துப்போக்கா?" என்று மொக்கம்மாள் முன்வரிசையிலிருந்து குரல் கொடுத்தாள். கூலிக்கு அறுக்கிறவள். மடி நிறையப் பதரை வைத்துக்கொண்டு வருசா வருசம் முதல் கை எறிகிறவள். களம் சிரித்தது.

இந்தப் பள்ளத்தாக்கில் சூரியன் மற்ற ஊர்களைப் போல மெல்ல இறங்குவதில்லை. மேற்கு மலையின் தோளைத் தொட்டது என்றால் பொசுக்கென்று போய்விடும். மலையின் நிழல் வயல்களைத் தாண்டி வாய்க்காலைத் தொட்டுவிட்டது. கோயில் மணிக்கயிற்றின் கீழே உபதேசியார் வந்து நின்றுவிட்டார். மலைச்சாமி எழுந்து குடையை மடக்கினான். வண்டிக்காரர்கள் முதல் கல்லுக்காலை இறக்கிக் கீழே சாய்த்தார்கள்.

சுகிர்தம் திரைக்குப் பின்னால் அடுப்புச் சாம்பலை இரண்டு கையிலும் அள்ளினாள்.

"என்ன பண்ணப் போறீக?" ஒச்சாண்டி மத்தளத்தை விட்டுவிட்டு ஓடி வந்தான்.

"நானே கட்டப்போறேன். ஒரு சாக்கு குடுங்கண்ணே."

"பொம்பள மேடையேறுனா நாடகமே செல்லாதுன்னு அந்தக் கணக்கப்பிள்ளை கோர்ட்டுக்குப் போவான்."

"போகட்டும். கால் வச்சுட்டா வச்சதுதான்."

அவள் சாம்பலை முகத்துக்குக் கொண்டுபோனாள். அந்த நேரத்தில் களத்தின் மேற்கு ஓரத்தில், சனங்களின் முதுகுக்குப் பின்னால், ஒரு குழந்தை வீறிட்டது. கூட்டம் திரும்பியது. பிளந்தது.

வயலிலிருந்து ஆவி ஏறி வந்துகொண்டிருந்தது.

தலையோடு கறுப்புக் கம்பளி. முகம் முழுக்கச் சாம்பல். கையில் மரக்கால். வழக்கமாகத் திரையைக் கிழித்துக்கொண்டு உறுமிக்கொண்டு குதிக்கிற ஆவி, இன்று ஓர் ஓசையும் இல்லாமல், எதிர்ப்பட்ட யாரையும் பாராமல், சூரியனை முதுகில் சுமந்துகொண்டு நடந்து வந்தது. வந்து, களத்தில் வலது காலை வைத்தது.

ஒச்சாண்டி ஓடிப்போய் மத்தளத்தில் அறைந்த அறை மலையில் மோதித் திரும்பியது.

இஞ்ஞாசி வந்துட்டான் என்று ஊர் ஆர்ப்பரித்தது. மலைச்சாமி கையிலிருந்த குடை நழுவியது. திரை இடுக்கில் கண்ணை வைத்த சுகிர்தத்துக்கு மட்டும், அந்த நடை இஞ்ஞாசியினுடையது இல்லை என்று முதல் பார்வையிலேயே தெரிந்துவிட்டது. செருப்புப் போட்டே பழகிய கால். கட்டாந்தரையில் கூசிக் கூசி வைக்கிற கால். அவள் கையிலிருந்த சாம்பலைத் தரையில் உதறினாள்.

ஞானசிகாமணி கோபத்தோடுதான் வந்திருந்தார். பதரை என் மேல் எறியுங்கள், எறிந்து முடித்ததும் கம்பளியை உதறிவிட்டு நிற்கிறேன், யாரை எறிந்தோம் என்று தெரிந்து நாக்கைப் பிடுங்கிக்கொள்ளுங்கள்: அப்படி ஒரு எண்ணம். அந்த எண்ணத்தோடு அம்பாரத்தின் முன் மண்டியிட்டார். நெல்லை அள்ளி மரக்காலில் போட்டார்.

"லாபம்."

கொட்டியது. களம் சிரித்தது.

"லாபம்."

மறுபடியும் கொட்டியது. ரெண்டு சொல்லு, ரெண்டு சொல்லு என்று ஆயிரம் தொண்டை கத்தியது. முதல் பிடிப் பதர் மொக்கம்மாள் கையிலிருந்து பறந்து வந்து அவர் நெற்றியில் பட்டது. பிறகு நாலா பக்கமும். யாரும் கவனிக்காத ஓர் ஓரத்திலிருந்து, கிட்டங்கி போன ஆத்திரத்தில், கணக்கப்பிள்ளை மலைச்சாமி இரண்டு கையாலும் அள்ளித் தன் முதலாளி மேல் வீசிக்கொண்டிருந்தான்.

ஞானசிகாமணி நிமிர்ந்து பார்த்தார். தோளிலிருந்து பார்த்த களம் வேறு. மண்டியிட்டுப் பார்க்கிற களம் வேறு. எறிகிறவர்கள் முகத்தில் அவர் தேடி வந்த வெறி இல்லை. சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் எறிந்தார்கள். பதருக்கு எடையும் இல்லை. முகத்தில் பட்டு, சாம்பலில் ஒட்டி, உதிர்ந்தது.

இந்த இடத்தில் ஆவி எழுந்து கத்திக்கொண்டு ஓட வேண்டும். ஒச்சாண்டி ஓட்டத்துக்கான தாளத்தைத் தொடங்கியும்விட்டான். ஆவி ஓடவில்லை. அம்பாரத்தின் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்தது. தாளம் தடுமாறி நின்றது. எறிந்துகொண்டிருந்த கைகள் ஒவ்வொன்றாக நின்றன.

"வருசா வருசம் ஓடிப்போறேன்" என்றது ஆவி. இஞ்ஞாசியின் குரல் இல்லை அது. கரகரத்த, பழக்கப்படாத குரல். கடைசி வரிசை வரை கேட்டது. "ஓடுறதுக்கா வர்றேன்? அளந்து முடிக்க வர்றேன். உங்களுக்குக் குறைச்சதைக் குடுத்துட்டுப் போக வர்றேன். இந்த மரக்காலுக்கு அடி இல்ல. நான் ஒருத்தனா எப்படி அளக்க? யாராச்சும் கை குடுங்க."

 இப்படி ஒரு வசனம் நாடகத்தில் கிடையாது. திரைக்குப் பின்னால் சுகிர்தம் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மொக்கம்மாள் எழுந்தாள். மடியிலிருந்த மிச்சப் பதரைத் தரையில் உதறினாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே ஆவியின் முன்னால் போய் நின்றாள்.

"எங்க ஆத்தா இந்த மரக்கால்லதான் கூலி வாங்குனா" என்றாள். "அரை வயித்துல கெடந்து வளந்தவ நான். எனக்கு இதை நல்லாத் தெரியும்."

குனிந்து உட்கார்ந்தாள். காய்ப்பேறிய இரண்டு கைகளையும் குவித்து மரக்காலின் அடியில் கொடுத்தாள்.

"அளடா" என்றாள்.

ஆவி நெல்லை அள்ளிப் போட்டது. விரலிடுக்கில் ஒழுகியது. பக்கத்திலிருந்தவள் வந்து அவள் கைக்கு அடியில் கை கொடுத்தாள். இன்னொருவன் வந்தான். கைக்குக் கீழே கை, கைக்குக் கீழே கை. நெல் நின்றது. ஏறியது. விளிம்பைத் தொட்டது. குவிந்தது.

"லாபம்" என்றது ஆவி. அதை அப்படியே தூக்கிப் பந்திக் கூடையில் கவிழ்த்தார்கள். மறுபடியும் அள்ளினார். மறுபடியும் நிறைந்தது.

ஞானசிகாமணி மரக்காலின் விளிம்பைத் தடவினார்.  களமே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. பிறகு சொன்னார்.

"ரெண்டு."

அந்தக் களத்தில் அப்படியொரு ஆரவாரம் அதற்கு முன் எழுந்ததில்லை. தலைப்பாகைகள் பறந்தன. ஒச்சாண்டி அடித்த அடியில் மத்தளத்தின் தோல் கிழிந்தது, கிழிந்ததையே அடித்தான். மூணு என்று ஆவி சொல்வதற்குள் ஊர் சொன்னது. நாலு என்று மலைப்பக்கத்து ஊர்க்காரர்கள் சொன்னார்கள். கோயில் மணி அடிக்கத் தொடங்கியது. அது யார் காதிலும் விழவில்லை. அம்பாரம் முழுவதும் அளந்து முடியும் வரை யாரும் கையை எடுக்கவில்லை. வண்டிக்காரர்கள் தாங்களாகவே கல்லுக்காலைத் திரும்ப வண்டியில் ஏற்றிவிட்டு, கை கொடுக்க ஓடினார்கள்.

பந்தி போட்டுக்கொண்டிருந்தபோது, ஞானசிகாமணி வாய்க்காலில் இறங்கி முகம் கழுவினார். சாம்பல் கரைந்து போனதும், கரையில் நின்ற மலைச்சாமி முதலாளியை அடையாளம் கண்டு, நின்ற இடத்திலேயே உட்கார்ந்தான். நீ நல்லாக் குறி பார்த்து எறியிறியே என்றார் அவர். அந்த முகத்தில் சிரிப்பைப் பார்த்து மலைச்சாமிக்கு இன்னும் பயம் அதிகமாயிற்று.

அதற்குள் ரோட்டிலிருந்து தூசியும் வியர்வையுமாக ஓர் உருவம் ஓடி வந்தது. இஞ்ஞாசிமுத்து. பாதி வழி லாரியிலும் மீதி வழி காலாலும் வந்தவன்.

"என் வேஷத்தைக் கட்டுன பய எவன்லே? ஆவி உக்காந்து பேசுச்சாமே? எந்த ஊர்லலே ஆவி உக்காரும்?"

"இவுகதான்" என்று ஒச்சாண்டி கை காட்டினான்.

இஞ்ஞாசி பார்த்தான். வாய் மூடவில்லை. ஒருவாறு சமாளித்துக்கொண்டு, உச்சரிப்பு எப்படி, கடைசி வரிசைக்குக் கேட்டதா என்று மட்டும் விசாரித்தான். கேட்டது என்றதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பந்திக்குப் போய்விட்டான். பந்தியில் அவனுக்கு இரண்டு இலை போட வேண்டியிருந்தது.

சுகிர்தம் கரையில் நின்றுகொண்டிருந்தாள். ஞானசிகாமணி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏறி வந்தார். களம் ஊருக்கே இருக்கட்டும் என்றார். நீங்களே கால் வைத்துவிட்டீர்கள், இனி நீங்கள் நினைத்தாலும் மாற்ற முடியாது என்று அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. 

"நான் அங்க உக்காந்து பேசினது என் வார்த்தை இல்ல சுகிர்தம். தானா வந்துச்சு. ஆனா அந்த லாபம்ங்கிற இடம் இருக்கு பாரு, அதைச் சும்மா ஒருத்தன் கற்பனையா எழுத முடியாது. அளந்து ஏமாத்துனவனுக்குத்தான் அது வரும். யாரு எழுதுனது? உங்கப்பாவா?"

"எங்கப்பா அப்ப இளவட்டம். சொல்லச் சொல்ல மனப்பாடம் பண்ணிக்கிட்டாக, அவ்வளவுதான்."

"யாரு சொன்னது?"

சுகிர்தம் சுற்றிலும் பார்த்தாள். பக்கத்தில் யாரும் இல்லை. காலையில் பங்களாவில் விழுங்கியதை இப்போது மெதுவாக எடுத்தாள்.

"எங்கப்பா சாகும்போது என்கிட்ட ஒரு சத்தியம் வாங்குனாக. அந்தக் குடும்பத்துல ஒருத்தர் தானா மனசு வந்து இந்தச் சாம்பலைப் பூசினாத்தான் இதைச் சொல்லணும். அதுக்கு முன்னால உசிரு போனாலும் சொல்லக்கூடாது. காலையில சொல்லியிருந்தா நீங்க அப்பவே கம்பியையும் கல்லையும் திருப்பி எடுத்திருப்பீக. சொல்ல முடியல."

"என்ன சத்தியம் அது? யாருக்காக?"

"சொல்லிக்குடுத்தது நான்னு ஊருக்குத் தெரிஞ்சா என்னையப் புண்ணியவானாக்கி மாலை போட்டுருவாக, என் பிள்ளைக என் படத்தைத்தான் பாக்கும், மரக்காலைப் பாக்காதுன்னாராம். ஊரு என் மேல எறியட்டும், என் வம்சம் கூசட்டும், அப்பத்தான் அளவு சரியா நிக்கும்னாராம். களத்தை எழுதிக் குடுத்ததும் அவருதான். ஆவி வராத வருசம் திரும்பிரணும்னு நிபந்தனை வச்சதும் அவருதான்."

ஞானசிகாமணியின் கையிலிருந்த துண்டு நின்றது. பந்தியிலிருந்து யாரோ அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் திரும்பவில்லை.

"உங்க தாத்தா ஒரு பெருநாளைக்கும் கம்பத்துக்குப் போனதில்லங்கய்யா" என்றாள் சுகிர்தம். "வண்டி ஊர் எல்லையைத் தாண்டினதும் இறங்கி, வயல் வழியாத் திரும்பி வந்துருவாக. முதல் நாடகத்துல இருந்து அவுக செத்த வருசம் வரைக்கும், அந்தக் கம்பளிக்குள்ள இருந்தது அவுகதான்."